கை வைத்துப் பார், கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். பேசும்போது வாயில் வராததை எழுதியாவது அனுப்பலாம் என்று, உன் பழைய நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

உன் நர்ஸ் வேலையில் ஒரே இரவில் மூன்று பிரசவம். மூன்றாவது பெண் வலியில் அலறியபோது நீயும் அவளிடம் கத்திவிட்டாய். அவள் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை என்று அழுதாய். கத்தியது தவறுதான். பெற்றவள் என்பதற்காக அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் விடிந்ததும் அவள் கட்டிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன் என்றாயே, அதைக் கேட்டபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது. பேறு வலியில் இருப்பவளிடம் சொன்ன சொல் அவளுக்குச் சாகும்வரை மறக்காது. உன்னைப் பெற்ற அன்று காதில் விழுந்ததெல்லாம் எனக்கு இன்றும் கேட்கிறது.

அந்தக் கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. 1999 ஐப்பசி, விடாத மழை. நீ இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். வீட்டார் எல்லாரும் தொட்டிலைச் சுற்றி நின்றார்கள். "பெண்ணா?" என்று உன் அப்பாயி இழுத்ததும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் வாய் உலர்ந்தது, காது அடைத்தது. நானே கிராம சுகாதார செவிலியர்தான், மூன்று வருடம் வேலை பார்த்தவள்தான். இருந்தும் எனக்கு என்ன ஆகிறது என்று எனக்கே விளங்கவில்லை, களைப்பு என்றுதான் நினைத்தேன்.

இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்கா தொட்டில் பக்கம் போகவே இல்லை. நேராக என்னிடம் வந்து அடிவயிற்றில் கையை வைத்தார். தொப்புளுக்கு மேலே ஏறி, பிசைந்த மாவாகத் தொளதொளத்துக் கிடந்தது கர்ப்பப்பை. "ஒன்றுக்குப் போனாயா அம்மா?" என்று கேட்டார். போகவில்லை. குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார், ஊசி போட்டார், விடாமல் வயிற்றைத் தேய்த்தார். அவர் கைக்குள் அது மெல்லத் திரண்டு உரித்த தேங்காய் போல் இறுகியது. "இறுகிவிட்டது, இனிப் பயமில்லை. நான் இங்கேயேதான் இருப்பேன்" என்றார். அப்படியே இருந்தார். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அந்தக் கை வந்து வந்து தொட்டது.

இதெல்லாம் உன் பாடத்தில் இருப்பதுதான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இரத்தக் குழாய்களின் வாயை அடைப்பது கர்ப்பப்பையின் சதைதான், அது இறுகினால்தான் இரத்தம் நிற்கும், உயிர் தங்கும். நிரம்பிய சிறுநீர்ப்பை ஒன்று போதும், அதை இறுகவிடாமல் தடுக்க. ஆனால் பாடத்தில் படித்ததும் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்று நான் கற்றுக்கொண்டது என் தவறால்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2002. நம் துணை சுகாதார நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், தலைப்பிரசவம், இருபத்தொரு வயதுப் பெண். கர்ப்பகாலத்தில் நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அவள் வீட்டு அரிசிப் பானைக்குள் கிடந்தன. மலம் கறுத்துப் போகிறது, குமட்டுகிறது என்று பயந்து ஒளித்து வைத்திருக்கிறாள். சோறு தின்ற பிறகு எலுமிச்சைச் சாற்றோடு போடு, டீயோடு போடாதே என்று உட்கார்ந்து சொல்ல எனக்கு அன்று பொறுமை இல்லை. "போடுகிறாயா?" என்று கேட்டேன், தலையாட்டினாள், அட்டையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். ஹீமோகுளோபின் ஏழு கிராம் உள்ளவளுக்கும் பதினொரு கிராம் உள்ளவளுக்கும் ஒரே அளவு இரத்தம் போனாலும் அது ஒரே இழப்பு இல்லை கண்ணு.

பிரசவம் சுகமாக ஆனது. பெண் குழந்தை, உடனே அழுதது. அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். மருந்துப் பெட்டியை எடுக்க வேண்டும், தாய்மார்கள் காத்திருப்பார்கள் என்று நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். அந்த அக்காவின் கை என்னைக் காப்பாற்றி மூன்றே வருடம். தெரிந்தும் கிளம்பினேன். அவள் தம்பி சைக்கிளில் ஓடி வந்து கூப்பிட்டபோது பாய் இரத்தத்தில் நனைந்து தரைக்கு வந்திருந்தது. 108 ஓடத் தொடங்கியது 2008-இல்தான். தக்காளி ஏற்றிய டெம்போவில் கூடைகளை இறக்கிவிட்டு அவளைப் படுக்க வைத்தோம். வழி முழுக்க அவள் வயிற்றை இறுக்கிப் பிடித்தபடி போனேன். உயிர் பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

டாக்டருக்குத்தான் பேர், நர்ஸை யார் நினைக்கிறார்கள் என்றும் கேட்டாய். டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று முதலில் அறிகிற கை உன்னுடையது. பிள்ளை பிறந்ததும் வீடே பிள்ளையைப் பார்க்கும், பார்க்கட்டும். நீயும் பார். துடைத்து ஈரம் போக்கு, அழுதால் தாயின் மார்போடு போட்டுப் போர்த்து, அழவில்லை என்றால் மூச்சு வரவைக்க அந்த முதல் நிமிடத்தை வீணாக்காதே. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் உன் கண் தாயிடம் இருக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை கை வை, துணியைப் பார், நாடியைப் பிடி. பார்த்ததாக எழுதிவிட்டுப் பார்க்காமல் இருந்துவிடாதே. எனக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான்.

சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் கொண்டு வரும் மாமியார்களிடம் சண்டை போடாதே. "பிள்ளை மார்பைச் சப்பினால் உங்கள் மருமகளுக்கு இரத்தப் போக்கு குறையும், நீங்களே பிடித்து வையுங்கள்" என்று சொல். அது உண்மையும்கூட, சப்பச் சப்பக் கர்ப்பப்பை இறுகும். அந்த அம்மாள் கையாலேயே பிள்ளைக்குச் சீம்பால் இறங்கிவிடும். எத்தனையோ வீட்டில் எனக்குப் பலித்த வழி இது.

உங்கள் மலையில் மின்சாரம் அடிக்கடி போகிறது என்றாய். கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி மருந்தைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு மறந்துவிடாதே. அது இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. சூடு ஏறினால் வீரியம் போய்விடும், பார்வைக்குத் தெரியாது.

நெல்லிக்காய் ஊறுகாயும் கம்பளிச் சட்டையும் பார்சலில் வருகின்றன. இரவுப் பணிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நேற்று கத்தியதற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தத் தலைப்பிரசவப் பெண்ணின் மகள், அவளுக்கு இருக்கிற ஒரே பிள்ளை, இப்போது நிறைமாதம். வளைகாப்புக்கு என்னைத் தேடி வந்து அழைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூட வர வேண்டும் என்று அவள் அம்மா கேட்டாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் போன் செய்து நான் எடுக்கவில்லை என்றால் பயப்படாதே, அங்கேதான் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா