காந்தத்தின் பெயரைக் கேட்டுப் பிக்அப் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்கிற்றாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதியே பிக்அப். அதிலுள்ள காந்தம் அல்னிக்கோவாக (அலுமினியம், நிக்கல், கோபால்ற் கலந்த இரும்பு) அல்லது செறமிக்காக (சுட்ட மட்பாண்டம் போன்ற பொருள்) இருக்கும். மின்கிற்றார் வாங்க வருவோரிடம் "அல்னிக்கோ என்றால் திறம், செறமிக் என்றால் மலிவுச் சாமான்" என்று சொல்லி விற்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றிவிட்டது. கொக்குவிலில் கிற்றார் திருத்தும் எனக்கு, அந்தப் பேச்சை நம்பி நல்ல பிக்அப்பைக் கழற்றி எறியத் துணிந்த மாணவர்களை அடிக்கடி சந்திக்க நேர்வதால் இதை எழுதுகிறேன்.

காந்தம் தானாக ஒலிப்பதில்லை. உருக்குத் தந்தி அதிர்ந்து காந்தப்புலத்தைக் கலைக்கும்போது, 1831 இல் பரடே கண்டறிந்த விதிப்படி, சுற்றியுள்ள செப்புச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அல்னிக்கோவில் இரண்டாம் வகை வலுக் குறைந்தது. நாதம் மென்மையாக வரும். ஐந்தாம் வகையில் மேல்தொனி துலங்கும், கீழ்ச்சுரம் இறுகும். செறமிக் பொருத்தியவை பெரும்பாலும் உரத்துப் பேசும்.

ஆனால் மலிவான ஒற்றைச் சுருள் பிக்அப்பின் கதை வேறு. 1954 இல் வெளிவந்த ஃபென்டர் நிறுவனத்தின் ஸ்ட்ரட்டோகாஸ்டர் கிற்றாரில் தந்திகளுக்கு நேர் கீழே அல்னிக்கோ உருளைகளே நின்றன. மலிவுப் பிரதிகள் பலவற்றில் அந்த இடத்தில் உருக்குத் துண்டுகள் நிற்க, செறமிக் பட்டைகள் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த உருக்குத் துண்டுகளே சுருளின் தூண்டுதிறனை (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மையை) கூட்டி மேல்தொனியை மங்கச் செய்கின்றன. பழியோ செறமிக்கின் தலையில் விழுகிறது. சீவாளியை மட்டும் பார்த்து நாதசுரத்துக்கு விலை சொல்வது போன்றது இது.

அண்மையில், திருவிழா மேடைகளில் வாசிக்கும் இளைஞர் ஒருவர், பெருந்தொகை கொடுத்து மாற்றிய ஐந்தாம் வகை அல்னிக்கோ பிக்அப்புடன் வந்தார். தடித்த தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே அழுத்தினால் இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் கேட்டது. தந்திக்கு மிக அருகில் இருந்த காந்தம் அதைப் பிடித்து இழுத்ததே காரணம். இரு பக்கத் திருகாணிகளையும் திருப்பி, பிக்அப்பை 2 மில்லிமீற்றர் இறக்கியதும் சரியாயிற்று. கூலி வாங்க மனம் வரவில்லை.

இரட்டைச் சுருள் பிக்அப் வைத்திருப்போர் காந்தத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அடியிலுள்ள நான்கு திருகாணிகளைத் தளர்த்தினால் பட்டைக் காந்தம் வழுகி வெளியே வரும். பழையதன் வடமுனை எந்தப் பக்கம் என்பதைத் திசைகாட்டியால் குறித்துவைக்க வேண்டும்; புதியதைத் தலைமாறிப் பொருத்தினால், மற்றப் பிக்அப்பையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிடும்.

விற்பவர்கள் காந்தத்தின் பெயரோடு, தந்தியின் கீழ் நிற்பது காந்தமா உருக்கா என்பதையும் வாங்குவோருக்குச் சொல்லிவிட வேண்டுமென உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிற்றார் திருத்துநர்,
கொக்குவில்.