உடைந்த ஏசி கொடுத்தவர்களுக்கு நன்றி

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கத்து அண்ணன்மார், அக்காமார், கடைக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இலவச ஏசி மெக்கானிக் வகுப்பில் இந்த பேட்ச் முடிந்தது. இலவசம் என்றால் சொல்லித் தருபவர் காசு வாங்கவில்லை, அவ்வளவுதான். காப்பர் பைப் இலவசமாக வராது. பைப் நுனியைப் புனல் போல விரிப்பதுதான் ஃப்ளேர். அது கையில் படிய 20 தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். தடவைக்கு 2 அங்குலம் வெட்டி எறிந்தால் ஆளுக்கு ஒரு மீட்டர் பைப் வீண். நட்டைக் கோக்காமல் ஃப்ளேர் போட்டுவிட்டுத் தலையைச் சொறியாத மாணவரே இல்லை. வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிரை எடுக்காவிட்டால் விளிம்பு சரியாக உட்காராது. எடுக்கும்போது பைப் வாயைக் கீழே கவிழ்க்காவிட்டால் செம்புத் தூள் கம்ப்ரஸருக்குப் போகும். நட்டை இறுக்குவதில் பலம் காட்டினாலும் லீக்தான். இத்தனையையும் கெடுத்துப் பழகத் துண்டு பைப் சேர்த்துத் தந்த சர்வீஸ் கடைக்காரர்களுக்கு முதல் நன்றி.

காயலான் கடை பாய், எடைக்குப் போட்டால் காசாகும் அவுட்டோர் யூனிட்டுகளை உடைக்காமல் முழுசாகத் தந்தார். அதில் ஒன்று கடற்கரை வீட்டிலிருந்து வந்தது. செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். சூட்டை வெளியேற்றும் மெல்லிய அலுமினியத் தகடுகள், அதாவது ஃபின், மாவாக உதிர்ந்திருந்தன. அப்படிப்பட்ட யூனிட்டில் சூடு வெளியேறாது, பிரஷர் ஏறி டிரிப் ஆகும். புது மெக்கானிக்குகள் கேஸ் குறைவு என்று ஏமாறுவது இங்கேதான். போர்டில் எழுதி இதைப் புரியவைக்க முடியாது.

நைட்ரஜன் சிலிண்டருக்கு வாடகை வாங்காதவருக்குத் தனி நன்றி. லீக் பார்க்க ஆக்சிஜன் ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழுத்தத்தில் அது கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜனைச் சுமார் 400 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஏற்றி, அரை மணி நேரம் கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிய பிறகுதான் வேக்கம், அதாவது பம்பு வைத்து உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவது. வேக்கம் மீட்டர் 500 மைக்ரானுக்கு இறங்குமுன் பம்பை நிறுத்தினால் தங்கிய ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும், கம்ப்ரஸர் சீக்கிரமே போய்விடும். வீட்டுக்காரர் "இன்னும் எவ்ளோ நேரம்பா" என்று நின்றாலும் இதில் குறைக்கக் கூடாது.

இந்தப் பக்கத்துக்கு வேலை தந்த பெரம்பூர் பின்னி துணி மில் 1996-இல் மூடியது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் பலருக்கு லோடு வேலைதான் அன்றாடக் கூலி. பகலில் வகுப்பு வைத்தால் அந்தக் கூலி போகும். முதல் வாரத்திலேயே நின்றுவிடுவார்கள். சோம்பல் என்று ஊர் சொல்வது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். மாலை ஆறரைக்கு மேல் கூடத்தைத் திறந்துவிட்டு கரண்ட் பில்லையும் கேட்காத நிர்வாகிகள், கணக்கு எழுதாமல் டீ அனுப்பியவர், வகுப்பு முடிந்து பெண் பிள்ளைகளைக் காசு வாங்காமல் வீட்டில் விட்ட ஆட்டோ அண்ணன்கள், உங்களால்தான் கடைசி வாரம் வரை பெஞ்சு நிறைந்திருந்தது.

எங்கள் மாணவர்களை முதல் நாளிலிருந்தே பஸ் காசு கொடுத்து ஹெல்பராகச் சேர்த்த மெக்கானிக்குகளுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். மே மாத வேலை நெரிசலில் இவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். இன்வெர்ட்டர் ஏசியின் சர்க்யூட் போர்டில் மெயினை நிறுத்திய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சில நிமிடம் விட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கச் சொல்லியிருக்கிறோம். அவசரப்படுத்த வேண்டாம்.

போர்டு எரிந்த இன்வெர்ட்டர் யூனிட் யாரிடமாவது இருந்தால் எடைக்குப் போடாமல் அடுத்த பேட்சுக்கு எடுத்து வையுங்கள். நாங்களே வந்து தூக்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயிற்சி தந்தவர்கள்