ஏற்காடு ஏறும் பழைய கார்த் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கச்சிகளே,

ஞாயிறு விடியற்காலையில் உங்கள் ஹெரால்டுகளும் பத்மினிகளும் மாருதி 800களும் கோரிமேடு தாண்டி அடிவாரம் நோக்கிப் போவதைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகளை ஓட வைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் தன் ஹெரால்டின் பானெட்டைத் திறந்து காட்டினார். இரட்டை கார்புரேட்டர், புது சைலன்சர், எல்லாம் சுத்தமான வேலை. பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

என்னிடமும் ஒரு ஹெரால்டு உண்டு. முன்பொரு நாள் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரில், பிரேக்கை மிதித்தபடியே மலையிறங்கினேன். அறுபதடிப் பாலத்துக்குக் கீழே பெடல் தரையைத் தொட்டது. பிரேக் பிடிக்கவில்லை. அடித்துப் பிடித்து இரண்டாம் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலையோர வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். மகளின் அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

காரணம் எளிது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்பது பிரேக் ஆயிலில் ஒரு ரகம். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது அதே தரம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் டிரம் கொதிக்கும்போது ஆயிலில் குமிழி வரும், பெடல் பஞ்சாகும். ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். அது போனால் எல்லாம் போச்சு. இன்ஜினில் கை வைக்கும் முன் வீல் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாவற்றையும் புதுசாக்குங்கள். ஆயிலை ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

ஹெரால்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பின் அச்சு இரண்டு துண்டாக, நடுவில் கீல் போட்டதுபோல ஆடும். வேகமாக வளைவுக்குள் நுழைந்து, பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், வால் வீசும். இதே சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதிலும் இதே குறை இருந்தது. 1970-ல்தான் பின் பட்டை ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி அடக்கினார்கள். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். உள்ளே போனபின் இரண்டாம் கியரில் மெதுவாக மிதித்தபடி சுற்றுங்கள்.

வண்டி தாழ வேண்டுமென்று முன் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது இடம் விட்டு நழுவக்கூடும். டயரின் பட்டன் தேயாமல் எவ்வளவு மிச்சம் என்பதை மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2315 என்றால் 2015-ன் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்த டயர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதை மாற்றும் வேலை எதுவானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது.

இறங்கும்போது ஏறிவரும் பஸ்ஸுக்கு வழி விடுங்கள். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் யாரும் இறங்க வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை என் கொட்டகையில் ஜாக்கியும் ஸ்டாண்டும் நான்கு டப்பா பிரேக் ஆயிலும் தயாராக இருக்கும். காசு வேண்டாம். வண்டியோடு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு ஹெரால்டுக்காரன்