துணை முதலமைச்சரின் பணிகளை விதியில் எழுதவும், முதலமைச்சர் பணியாற்ற இயலாத காலத்துக்கு ஏற்பாடு செய்யவும் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அரசு அலுவலர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 600033.
(பெயரும் முழு முகவரியும் இணைப்புத் தாளில் உள்ளன.)

பெறுநர்
தலைமைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம்,
புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600009.

பொருள்: தமிழ்நாடு அரசு அலுவல் விதிகளில் துணை முதலமைச்சரின் பணி, பொறுப்பு ஆகியவற்றைச் சேர்த்தல் – முதலமைச்சர் நோயுற்றாலோ பதவி காலியானாலோ அடுத்து யார் என்பதற்கு விதி வகுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைமைச் செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

முதலமைச்சர் திடீரென்று மருத்துவமனையில் சேர்ந்துவிட்டால், மறுநாள் காலை அவர் மேசைக்குப் போகவேண்டிய கோப்பை யாரிடம் கொண்டுபோவது? இதற்கு நம் மாநிலத்தில் எழுதிவைத்த பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த நேரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்துச் சமாளித்திருக்கிறோம். அடுத்த முறையும் அப்படியே ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மனு. எந்தக் கட்சிக்கு ஆதரவாகவோ எதிராகவோ எழுதவில்லை. கீழே சொல்லப்போகும் சங்கடம் இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும் வந்திருக்கிறது.

2016-ஐ எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 22 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். அவருடைய துறைகளை ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கி ஆளுநர் மாளிகை செய்திக்குறிப்பு வெளியிட்டது அக்டோபர் 11 அன்று. இடையில் 19 நாள். காவிரிப் பிரச்சினை உச்ச நீதிமன்றத்தில் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. காவல்துறை, உள்துறை, பொது நிர்வாகம் எல்லாம் முதல்வரின் நேரடிப் பொறுப்பில் இருந்த துறைகள். அந்த 19 நாளும் அவற்றின் கோப்புகளுக்கு முடிவு சொல்லவேண்டியவர் யார் என்று தாளில் எங்கும் இல்லை.

செய்திக்குறிப்பு வந்த பிறகாவது தெளிவு பிறந்ததா என்றால், புதுக் கேள்விதான் கிளம்பியது. அரசுப் பணிகளை அமைச்சர்களுக்குப் பிரித்துத் தரும் விதிகளைப் பற்றிய, அரசியலமைப்புச் சட்டத்தின் 166(3) பிரிவின்படி, முதலமைச்சரின் ஆலோசனையின் பேரில் இந்த ஏற்பாடு செய்யப்படுகிறது, அவர் பணிக்குத் திரும்பும்வரை இது தொடரும், அவரே முதலமைச்சராக நீடிப்பார் என்று அதில் இருந்தது. தீவிர சிகிச்சையில் இருப்பவர் ஆலோசனை சொன்னது எப்படி, யாரிடம் சொன்னார் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அதே மாதக் கடைசியில் இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான கட்சிப் படிவங்களில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. அது பிறகு உயர் நீதிமன்றம் வரை போனது. அப்புறம் அவருடைய மறைவு பற்றி விசாரணை ஆணையம், பல ஆண்டு விசாரணை, 2022-ல் அறிக்கை. இதில் யார் சரி, யார் தவறு என்பதற்குள் நான் போகவில்லை. பதவியேற்ற அன்றே, நல்ல உடல்நிலையில் கையெழுத்திட்ட ஒரு கடிதம் ஆளுநரிடம் இருந்திருந்தால் ஆலோசனை பற்றிய கேள்விக்கே இடமிருந்திருக்காது. என் கோரிக்கையில் முக்கியமானது அந்தக் கடிதம்தான்.

அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறோம். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். நெடுஞ்செழியன் பொறுப்பேற்றார், ஒரு வாரத்தில் கலைஞர் முதல்வரானார். கட்சிக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள், ஆட்சி நகர்ந்தது. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அதே நெடுஞ்செழியன்தான் பொறுப்பேற்றார். ஆனால் அந்த முறை பேசி முடிக்க முடியவில்லை. ஜனவரி 7 அன்று ஜானகி அம்மையார் பதவியேற்றார். 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பின்போது பேரவைக்குள் காவலர்கள் நுழையும் அளவுக்குக் கலவரம். 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டு, அடுத்த ஓராண்டு குடியரசுத் தலைவர் ஆட்சியில் கழிந்தது. இரண்டு முறையும் விதி ஒன்றுதான், அதாவது விதியே இல்லை. முதல் முறை கட்சி ஒற்றுமையாக இருந்ததால் தப்பித்தோம்.

2017 பிப்ரவரியும் நினைவிருக்கும். முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் 5-ஆம் தேதி பதவி விலகல் கடிதம் கொடுத்தார். புதியவர் பதவியேற்றது 16-ஆம் தேதி. நடுவில் சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் இருந்தார்கள். மகாராஷ்டிர ஆளுநரே தமிழ்நாட்டையும் கூடுதலாகக் கவனித்ததால், 9-ஆம் தேதிதான் சென்னைக்கு வந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டிருந்தது. அது வந்தது டிசம்பர் 12, ஜெயலலிதா மறைந்து ஒரு வாரத்தில். 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநில ஆணையத்தின் தலைவர் முதலமைச்சர்தான். அவசரத்தில் ஆணையத்தின் அதிகாரம் முழுவதையும் தனியே பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு. டிசம்பரில் பதவியேற்ற முதல்வர் இருந்தார், சரி. அந்தப் புயல் அக்டோபர் முதல் வாரத்தில் வந்திருந்தால்?

துணை முதலமைச்சர் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்தப் பதவி அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. 163, 164 பிரிவுகளில் முதலமைச்சரும் பிற அமைச்சர்களும் மட்டுமே இருக்கிறார்கள். 1989-ல் தேவிலால் துணைப் பிரதமராக உறுதிமொழி ஏற்றது வழக்கானபோது, அது வெறும் விளக்கச் சொல், பிரதமரின் அதிகாரம் எதையும் அவருக்குத் தராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 பிப்ரவரியிலும் துணை முதல்வர் நியமனங்களை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி செய்து, துணை முதல்வர் முதலில் ஓர் அமைச்சர்தான் என்று அதே கருத்தைச் சொன்னது. நம் மாநிலத்தில் 2009-ல் மு.க. ஸ்டாலின், 2017-ல் ஓ. பன்னீர்செல்வம், 2024-ல் உதயநிதி ஸ்டாலின் அந்தப் பெயரில் இருந்திருக்கிறார்கள். முதல்வருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கோப்பைக்கூட முடிக்க முடியாது. ஆந்திராவில் 2019-ல் ஐந்து துணை முதல்வர்கள் இருந்தார்கள். ஐந்து பேரில் யார் முதலில் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்குமோ!

ஆனால் மற்ற பல பதவிகளுக்கு ஏற்பாடு இருக்கிறது. பேரவைத் தலைவர் இடம் காலியானால் துணைத் தலைவர் (பிரிவு 180). உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி இல்லையென்றால் பொறுப்பு நீதிபதி (பிரிவு 223). ஆளுநருக்கு எதிர்பாராதது நேர்ந்தால் குடியரசுத் தலைவர் ஏற்பாடு செய்வார் (பிரிவு 160). 1969 மே மாதம் ஜாகிர் உசேன் மறைந்தபோது குடியரசுத் துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். தேர்தலில் நிற்க அவரும் விலகினால் யார் என்ற கேள்வி வந்ததும், அதே ஆண்டிலேயே சட்டம் இயற்றி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வரை வரிசை எழுதிவிட்டார்கள். கிராம ஊராட்சித் தலைவர் பதவி காலியானாலும் துணைத் தலைவர் பொறுப்புப் பார்க்கிறார். எட்டு கோடிப் பேர் அளவுக்கு மக்கள்தொகை கொண்ட மாநிலத்தின் முதல்வருக்கு இல்லை.

மற்ற மாநிலங்களின் அனுபவமும் இதேதான். 2011 ஏப்ரல் 30 அன்று அருணாசலப் பிரதேச முதல்வர் தோர்ஜி காண்டுவின் ஹெலிகாப்டர் காணாமல் போனது. மே 4 அன்றுதான் கண்டுபிடித்தார்கள். அந்த நாட்களில் முதல்வர் இருக்கிறாரா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. கோவாவில் மனோகர் பாரிக்கர் 2018-ல் சிகிச்சைக்காக அமெரிக்கா போனபோது மூன்று அமைச்சர்கள் கொண்ட ஆலோசனைக் குழுவை வைத்துவிட்டுப் போனார். 2019 மார்ச்சில் அவர் மறைந்தபின் புதிய முதல்வர் பதவியேற்றது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில். ஜம்மு காஷ்மீரில் 2016 ஜனவரியில் முஃப்தி முகமது சயீத் மறைந்தபின், மகள் பதவியேற்க ஏப்ரல் ஆனது. அதுவரை ஆளுநர் ஆட்சி.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் இப்படி ஒரு குழப்பம் இருந்தது. ஆளுநர் விலகினால் மேலவைத் தலைவர் இரண்டு நாற்காலியிலும் உட்காருவார். 2002 ஜனவரியில் மேலவை சரிபாதியாகப் பிரிந்திருந்ததால், ஒரே வாரத்தில் பொறுப்பு ஆளுநர்கள் மாறி மாறி வந்தார்கள். 2005-ல் மக்கள் வாக்களித்துத் துணை ஆளுநர் பதவியை உருவாக்கினார்கள், 2009-ல் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. அங்கே ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே முதல்வர் பேரவையின் நம்பிக்கையில் இருப்பவர். ஆகவே அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் பதவியை உருவாக்கும்போதே அதன் வேலையையும் எழுதிவைத்தார்களே, அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி என் கோரிக்கை. மாநில அரசே உடனே செய்யக்கூடியது அலுவல் விதிகளைத் திருத்துவது. 166(3) பிரிவு அதற்கு இடம் தருகிறது, நாடாளுமன்றம் வரை போகவேண்டாம். விதியின் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம் என்று பணிவுடன் முன்வைக்கிறேன்:

“முதலமைச்சர் பதவியேற்ற 7 நாட்களுக்குள், தாம் பணியாற்ற இயலாத காலத்தில் தம் துறைகளைக் கவனிக்கவும் அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கவும் வேண்டிய அமைச்சர் ஒருவரின் பெயரையும், அவரும் இல்லாதபோது அடுத்தவரின் பெயரையும் எழுத்துமூலம் ஆளுநருக்குத் தெரிவிப்பார். துணை முதலமைச்சர் எனப் பெயர் பெற்றவர் ஒருவர் இருப்பின் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். முதலமைச்சர் தொடர்ந்து 72 மணி நேரம் கோப்புகளைப் பார்க்க இயலாத நிலையில், அவரே எழுதிக் கொடுத்தாலோ, அரசு மருத்துவர்கள் மூவரின் சான்றைப் பார்த்து அமைச்சரவை பெரும்பான்மையாக முடிவெடுத்தாலோ, இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வரும். முதலமைச்சர் பணிக்குத் திரும்பியதாக எழுதிக் கொடுத்ததும் முடிவுக்கு வரும்.”

நாட்கள், மணி நேரம் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. சட்டத்துறை பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடிதம் முன்கூட்டியே எழுதப்படுவதையும், அது அரசிதழில் வெளிவருவதையும் விட்டுவிடக் கூடாது. உறையில் போட்டு முத்திரை வைத்தால் மறுபடியும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற வதந்திதான் ஓடும்.

ஒருவரின் பெயரை எழுதிவைப்பது பட்டத்து இளவரசரை அறிவிப்பது போல ஆகிவிடாதா என்ற பயம் நியாயமானது. எனக்கும் அது உண்டு. அதனால்தான் இந்த ஏற்பாடு துறைகளைக் கவனிப்பதோடு நிற்கவேண்டும் என்கிறேன். அமைச்சர்களை நீக்கவோ சேர்க்கவோ பரிந்துரைப்பது, பேரவையைக் கலைக்கச் சொல்வது, புதிய கொள்கை முடிவுகள் – இவை அந்த அமைச்சருக்குக் கிடையாது என்று விதியிலேயே எழுதிவிடவேண்டும். ஓர் அமைச்சரின் பெயரைக் கடிதத்தில் எழுதிவைப்பதால் அடுத்த முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டமன்ற உறுப்பினர்களின் கையை விட்டுப் போகக் கூடாது.

முதல்வர் மறைந்தாலோ விலகினாலோ அலுவல் விதி உதவாது. முதல்வரை நியமிப்பவர் ஆளுநர் (பிரிவு 164), மாநில விதி அவரைக் கட்டுப்படுத்தாது. முதல்வரைப் பொறுத்தவரை ‘பொறுப்பு’ என்றோ ‘இடைக்காலம்’ என்றோ ஒரு பதவியும் சட்டத்தில் இல்லை. இதற்கு அரசியலமைப்புச் சட்டத் திருத்தம்தான் வேண்டும். முதல்வர் பதவி காலியானால் குறிப்பிட்ட அமைச்சர் அதிகபட்சம் 15 நாள் பொறுப்பில் இருப்பார், அதற்குள் பேரவை கூடிப் புதியவர் பெரும்பான்மையைக் காட்டவேண்டும் என்ற பொருளில் 164-ஐத் திருத்த ஒன்றிய அரசைக் கேட்டுப் பேரவையில் தீர்மானம் கொண்டுவருவதற்கான குறிப்பை அமைச்சரவை முன் வைக்க வேண்டுகிறேன். இதற்கு இது ஏற்ற நேரமும்கூட. 2025 ஆகஸ்ட்டில் மக்களவையில் வைக்கப்பட்ட 130-ஆவது திருத்த மசோதா, 30 நாள் தொடர்ந்து காவலில் இருக்கும் முதல்வர் பதவி இழப்பார் என்கிறது. அந்த மசோதா நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். 31-ஆம் நாள் காலையில் நாற்காலியில் யார் என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

ஆகவே, அலுவல் விதித் திருத்தத்தைப் பொதுத் துறையும் சட்டத்துறையும் சேர்ந்து பரிசீலிக்கவும், பேரவைத் தீர்மானத்துக்கான குறிப்பைத் தயாரிக்கவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மனு மீது எடுக்கப்படும் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். நேரில் விளக்கம் தேவையென்றால் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

நகல்: அரசுச் செயலாளர், சட்டத்துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600009.