மார்பின் இலவசம், பஸ் டிக்கெட் இலவசமில்லை

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

முற்றிய புற்றுநோயின் வலிக்கு, கடும்வலி அடக்கும் மருந்தான மார்பின் 10 மில்லிகிராம் மாத்திரை எழுதினால் கணக்கு இப்படி வரும்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று, நடுராத்திரியில் எழுப்பாமலிருக்க இரவு 10 மணிக்கு இரண்டு. நாளைக்கு 6, வாரத்துக்கு 42. இடையில் வலி மீறினால் கொடுப்பது தனி.

அரசு மருத்துவமனையில் இதை இலவசமாகவே தந்தாலும், ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்தனுப்பினால் வாரந்தோறும் வர வேண்டும்; கூலி வீட்டில் மாதம் நாலு நாள் சம்பளம் போகிறது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் பெரும்பாலும் சாதாரண நகரப் பேருந்தில்தான். மாவட்டத் தலைநகருக்கு மப்சல் பஸ், டிக்கெட் எடுத்தாக வேண்டும். படுத்த படுக்கையானவரையும் கூட்டிவரச் சொன்னால் கார் பிடிக்க வேண்டும். அதனால் அந்த 42 மாத்திரையைப் பன்னிரண்டு நாளுக்கு இழுக்கிறார்கள். "வலி வந்தா மட்டும் குடுப்போம்" என்பதுதான் வீட்டு வழக்கமாகிறது. வலி முழுசாகத் திரும்பிய பிறகு போடும் மாத்திரை பிடிக்க அரை மணிக்கு மேலாகும். மருந்து கேட்கவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டுகிறார், உள்ளே போனது பாதிதான் என்று தெரியாமல். கூட்டிய அளவை ஒருநாள் சொன்னபடியே கொடுத்துவிட்டால் அளவுமீறிய மயக்கம் வரும். எனவே மருந்துச் சீட்டில் அளவை மாற்றும் முன் மீதி மாத்திரையை எண்ணச் சொல்லுங்கள்.

மலமிளக்கி இன்னொரு ஓட்டை. மார்பினால் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. இரவில் பிசகோடைல் என்ற மலமிளக்கி, 5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, சேர்த்தே போக வேண்டும். "வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் முதலில் விடுபடுவது அதுதான். ஐந்தாம் நாள் நோயாளி மார்பினையே நிறுத்திவிட்டு, கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார். சாப்பாடும் தண்ணீரும் குறைந்த உடம்பில் அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, மார்பின் வைக்கப் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவரும் ஒழுங்கான பதிவேடும் இருந்தால் வட்டார அளவிலேயே வைக்கலாம். அதைச் செய்யுங்கள்.

அளவு நிலைப்பட்டவருக்கு 28 நாள் மருந்து, மேலே சொன்ன கணக்கில் 168 மார்பின் மாத்திரை, மீறும் வலிக்குச் சில, 56 பிசகோடைல், எல்லாம் ஒரே சீட்டில். நோயாளியின் சிகிச்சை அட்டையுடன் வீட்டார் வந்தால் போதும் என்று எழுத்தில் கொடுங்கள். இறப்புக்குப் பின் மீதியை 'மக்களைத் தேடி மருத்துவம்' செவிலியர் எண்ணிக் கையெழுத்திட்டுத் திரும்பப் பெறட்டும்.

இப்படிக்கு,
நோய்த் தணிப்புப் பிரிவுச் செவிலியர்கள், மருந்தாளுநர்கள்