பிரஷர் மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள்

வறிய மக்கள் வாழும் பகுதிகளில் மருத்துவ நிலையங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

"மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று சீட்டில் எழுதும் முன், அந்த மருந்தை வாங்கிவர அவருக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். மாத்திரை இலவசமாகவே இருந்தாலும், பதினைந்து நாளுக்கொருமுறை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. பிரஷரோ வலி தெரியாத நோய். அதற்காகக் கூலியை விட யாருக்கு மனம் வரும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலின்படி, மருந்தைத் தொடங்கினாலோ மாற்றினாலோ மாதந்தோறும் பார்க்க வேண்டும். கட்டுக்குள் வந்தபின் 3 முதல் 6 மாதத்துக்கொருமுறை போதும். அப்படியானவர்களுக்கு 90 நாள் மாத்திரையைக் கொடுத்தனுப்புங்கள். இருப்பு தாங்காது என்பார்கள். ஆண்டு முழுவதற்கும் ஆகும் மாத்திரை அதேதான். தொடக்கத்தில் மட்டும் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும்.

பிரஷரை அளப்பதிலும் நிறையத் தவறு நடக்கிறது. பருத்த கைக்குக் கருவியின் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். கை தொங்கினாலும், பேச்சுக் கொடுத்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். சாய்மானமுள்ள நாற்காலியில் 5 நிமிடம் உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். பொய்யான 160-ஐ நம்பி மருந்தைக் கூட்டினால், எழுந்ததும் தலைசுற்றும். அத்துடன் மாத்திரையும் நின்றுவிடும்.

பிரஷர் குறையவில்லையென்றால் முதலில் வலிமாத்திரை பற்றிக் கேளுங்கள். உடலுழைப்பாளிகள் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் விழுங்குவது சாதாரணம். இரண்டுமே பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், அதை மருந்தாகவே நினைப்பதில்லை.

பிரஷர் மாத்திரைகளில் ஆம்லோடிபின் கொடுத்தால் கால் வீங்கலாம், எனாலாப்ரில் கொடுத்தால் வறட்டு இருமல் வரலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். இருமினால் லோசார்ட்டான் வகைக்கு மாற்றலாம். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பம் தரிக்கக்கூடியவர்களுக்கும் எனாலாப்ரில், லோசார்ட்டான் ஆகிய இரண்டு வகையும் கூடாது.

எல்லாவற்றுக்கும் டாக்டர் வர வேண்டியதில்லை. வகுத்த நெறிமுறையும் மருத்துவர் மேற்பார்வையும் இருந்தால் நர்ஸும் மருந்தாளுநரும் தொடர் சிகிச்சையைப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போனார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், ஆறு மாதத்தில் பிரஷரின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடிதிருத்துநர் ஆலோசனை மட்டும் கிடைத்த கடைகளில் 9 புள்ளிதான்.

வாரந்தோறும் வராதவர் பட்டியலை எடுத்து ஒருவர் போன் செய்யட்டும். ஏன் வரவில்லை என்று அதட்ட வேண்டாம். மாத்திரை எத்தனை மீதி இருக்கிறது என்று கேட்டால் போதும்.

இப்படிக்கு,
இந்நோயாளிகளோடு பணிபுரிவோர்