கண்ணுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் பெரியப்பா பையன் ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குக் காரில் வருகிறான். செக்கு எண்ணெய் டின் ஒன்று, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஐந்து கிலோ, புது மஞ்சள் தூள், உங்கம்மா சுட்ட கச்சாயம் எல்லாம் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதம் சர்க்கரைப் பைக்கு அடியில் இருக்கும். மாப்பிள்ளை கையில் சிக்கினாலும் பரவாயில்லை, அவரும் படிக்கட்டும்.

மஞ்சள் வெட்டு முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் மஞ்சள் வேக வைக்கக் கொப்பரையும் அடுப்பும் கிடையாது. பாய்லர் வண்டி வந்து நின்று, ஆவியிலேயே வேக வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. களத்தில் காய்கிறது. செவலை கிடேரி சினை. மேற்குத் தோட்டத்துக்காரன் இன்னும் வரப்பை ஒரு சாண் தள்ளித்தான் போட்டிருக்கிறான். அவனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

நீ ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டுவிட்டாயாமே. ஆட்டோவில்தான் ஆபீஸ் போகிறாயாம். நல்லதுதான். பெங்களூர் டிராஃபிக்கில் வண்டி எதற்கு. ஆனால் ஏன் விட்டாய் என்று நீ சொல்லவில்லை.

சரி, சுற்றி வளைக்க எனக்கு வராது. பொங்கலுக்கு வந்தபோதே பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து வெள்ளையடித்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். குட்டி இரண்டு தரம் கூப்பிட்டும் உனக்குக் காதில் விழவில்லை. நடுநடுவே முகத்துக்கு முன்னால் கையை வீசினாய். அந்த நேரத்தில் ஏது கொசு? காலை ஏழு மணி வெயிலுக்கே களத்தில் கறுப்புக் கண்ணாடி. "என்ன அம்மிணி, பெங்களூர் ஸ்டைலா" என்று சிரித்துவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். கையை வீசுகிற அந்த வீச்சு எனக்குப் பழக்கமானது.

உங்கம்மாவைத் திட்டாதே. அப்பாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னதை ஒன்பது நாள் வயிற்றில் வைத்திருந்தாள். பத்தாம் நாள் கட்டுத்தரையில் சாணி அள்ளும்போது கூடையை அப்படியே வைத்துவிட்டு அழுதாள். எட்டு மாசமாகப் பார்வையில் புகை போட்ட மாதிரி இருக்கிறதாம், நூலும் புள்ளியுமாக மிதக்கிறதாம், கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூடவே வருகிறதாம். ராத்திரி விளக்கை அணைத்தால் இருட்டே பொரிகிறதாம். ஒரு இடத்தில் காட்டினாயாம், எல்லாம் நார்மல், டென்ஷன்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "யாரும் நம்ப மாட்டேங்கறாங்கம்மா" என்றாயாம்.

எட்டு மாசம்! உங்கம்மாவுக்குச் சுவரகலத்துக்கு டிவி வாங்கி மாட்டினாய். குட்டிக்குக் காய்ச்சல் என்றால் ஒரே நாளில் மூன்று டாக்டர். உனக்கு என்றால் எட்டு மாசம் வாய் திறக்கவில்லை. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வந்தேன்; கேட்காமல் விடுகிறேன், பதில் எனக்கே தெரியும்.

உங்கம்மா அவள் வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டாள். பொன்னாங்கண்ணிக் கீரையைப் பொடி செய்து தனி டப்பாவில் வைத்திருக்கிறாள், நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துப் படுக்கச் சொல்கிறாள், மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். கீரையைச் சாப்பிடு. கண்மலரை நான் சாத்துகிறேன். ஆனால் முதலில் கண்ணுக்கு மருந்து விட்டு, பாவையை விரித்து, ரெட்டினாவை, அதுதான் கண்ணுக்குள் பின்னால் இருக்கிற திரையை, முழுசாகப் பார்க்கச் சொல். அந்த ஒன்றைத்தான் நீ வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாயாம். "அப்பாவுக்கு அந்த மருந்துதானே கண்ணைக் கெடுத்தது" என்றாயாம்.

இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை சாமி.

அந்த மருந்து என் கண்ணைக் கெடுக்கவில்லை. பதினைந்து வருஷமாக நான் சொல்லி வந்தது பொய்.

2010. உனக்குப் பத்தாவது பரீட்சை வருகிற சமயம். மஞ்சள் விலை குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போன வருஷம் அது. நம் களத்தில் நாலு கொப்பரை ராப்பகலாக எரிந்தது. வலது கண் ஓரத்தில் மின்னல் மாதிரி ஒரு வெட்டு வெட்டியது. இருட்டில் நல்லாத் தெரிந்தது. மறுநாள் கரித்தூளைக் கொட்டினாற்போலக் கண்ணுக்குள் பொட்டுப் பொட்டாகப் பறந்தது. பசியில் கண்ணில் பூச்சி பறக்கும் என்பார்களே, அதுதான் என்று ஒரு சொம்பு மோர் குடித்தேன். மங்கலாக இருந்தபோது அடுப்புப் புகை என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படியே இருந்துவிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கம்மா நச்சரித்ததால் டவுனில் நம் கண் டாக்டரிடம் போனேன். அவர் மருந்து விட்டு அரைமணி நேரம் உட்கார வைத்தார். அப்புறம் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கண்ணைச் சுற்றி அழுத்தி அழுத்திப் பார்த்தார். ரெட்டினாவில் கிழிசல் இருக்கிறது, இன்றைக்கே கோயமுத்தூர் போங்கள், லேசர் வைத்து ஒட்டிவிட்டால் பொழுதோட வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். சீட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் களத்துக்குப் போனேன். நாலு கொப்பரை. பதினெட்டு ஆள். விலை எந்நேரமும் இறங்கலாம் என்று பயம். மருந்து விட்டதால் அன்று முழுக்க மங்கலாகத்தான் இருந்தது, அது எல்லோருக்கும் இருக்கிறதுதான். உங்கம்மா கேட்டதற்கு, "அந்த ஆள் ஏதோ மருந்தை விட்டான், அதிலிருந்து கண்ணு தெரியலை" என்றேன். வாயில் வந்தது, சொன்னேன்.

பதினேழு நாள். கீழே மூக்குப் பக்கமிருந்து ஒரு கறுப்பு மேலே ஏறி வந்தது. பாதியை மறைத்த பிறகுதான் கோயமுத்தூர் போனேன். ரெட்டினா கழன்றுவிட்டது, நடுப்பகுதியும் சேர்ந்து கழன்றுவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயுவை நிரப்பிக் குப்புறப் படுக்க வைத்தார்கள். உன் கோத்தகிரிப் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று இன்னும் சண்டை பிடிக்கிறாளே, இதுதான் காரணம்: அந்த வாயு கண்ணுக்குள் இருக்கும்வரை மலையேறக் கூடாது. மேலே போகப் போக வாயு விரிந்து கண்ணில் அழுத்தம் ஏறிவிடும். இதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும் என்று, வயலில் வேலை என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய் என்னோடு நிற்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து எத்தனை பேரை அந்த டாக்டரிடம் போகாதே என்று திருப்பி விட்டிருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கிளினிக் வாசலை மிதிக்காமல் எதிர்ப்பக்கம் சுற்றிப் போவாய். அதைப் பார்த்து எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, அப்பா மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று. நான் கோயமுத்தூரில் குப்புறக் கிடந்தபோது பரீட்சை எழுதி 478 வாங்கினாய். அந்த மார்க் சீட்டை உன்னிடமிருந்து வாங்கி இடது கண்ணால் பார்த்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை அந்த டாக்டரிடம் போனேன். வயசாகிவிட்டது அவருக்கும். என்னைத் தெரிந்ததா தெரியவில்லையா என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. "யாருக்கு?" என்றார். என் மகளுக்கு என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. உன்னைப் பற்றி மட்டும் கேட்டேன்.

கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தானாம். வயசாக ஆக அது இளகி, அதிலுள்ள நார் திரண்டு மிதக்கும். அதன் நிழல் ரெட்டினாவில் விழுவதைத்தான் பூச்சி பறக்கிறது என்கிறோம். வெள்ளைச் சுவர், ஆகாயம், கம்ப்யூட்டர் திரை இவற்றில் நல்லாத் தெரியும். கிட்டப்பார்வைக்காரர்களுக்குச் சின்ன வயசிலேயே வரும். உனக்கு மைனஸ் ஏழு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு பவர் என்றால் கண் நீளமாக இருக்கும், ரெட்டினா இழுபட்டு மெலிந்திருக்கும், அப்பாவுக்கும் கழன்றிருக்கிறது என்றால் கட்டாயம் விரித்துப் பார்க்க வேண்டும் என்றார். சோடாபுட்டிக் கண்ணாடி என்னிடமிருந்துதானே உனக்கு வந்தது.

புகை மாதிரி தெரிவதற்கு ஒரு காரணம் என்று சொல்ல முடியாதாம். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இமைக்க மறந்து கண் காய்ந்துபோகும். உள்ளே அழற்சி இருந்தாலும் மங்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் வரும். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும், டிவியில் சிக்னல் போனால் பொரியுமே, அந்த மாதிரி எந்நேரமும் தெரிகிறவர்கள் உண்டாம். விஷுவல் ஸ்னோ என்று பெயராம். அது கண்ணில் இருக்கிற குறை இல்லை, மூளை பார்வையைக் கையாளுகிற விதத்தில் இருக்கிறதாம். "அந்தப் பொண்ணு கற்பனை பண்ணலைங்க, பார்வையையும் அது பறிக்காது. ஆனா அந்தப் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி மற்றதெல்லாம் இல்லைன்னு பார்த்துக்கணும்" என்றார். இதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அவர் நம்பினார் அம்மிணி. நானும் நம்புகிறேன்.

எழுந்து வரும்போது "உங்க இடது கண்ணையும் பார்த்துடலாம், உட்காருங்க" என்றார். மருந்து விட்டார். பணம் வாங்கவில்லை.

என் இடது கண்ணிலும் ஒரு நூல் மிதக்கிறது, மூன்று வருஷமாக. உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. கேள்விக்குறி மாதிரி இருக்கும். காலண்டரைப் படிக்கும்போது தேதிமேல் வந்து உட்காரும். கண்ணை மேலும் கீழும் ஆட்டினால் நகர்ந்துவிடும். நீயும் செய்து பார். முதல் வருஷம் எந்நேரமும் அதையேதான் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது சில நாள் பொழுதோடதான் ஞாபகம் வருகிறது. அப்புறம் தினமும் வெள்ளென ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரைப் பார்த்துக்கொள்வேன். நீயும் அப்படிச் செய். திடீரென்று புள்ளிகள் கூடினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து நிழல் வந்தாலோ, மீட்டிங் இருக்கிறது, குட்டிக்கு ஸ்கூல் இருக்கிறது என்று ஒரு நாள்கூடத் தள்ளாதே. அன்றைக்கே போ. மருந்து விட்டுப் பார்க்கச் சொல். திரும்பத் திரும்ப இதையே எழுதுகிறேன் என்று உனக்குச் சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதே. உங்கம்மாவிடம் இந்தக் கடிதத்தை இன்னும் காட்டவில்லை. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

கிளம்புவது என்றேனே, அடுத்த புதன்கிழமை ராத்திரி ஈரோட்டில் ரயில் ஏறுகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வேண்டாம் என்று போன் பண்ணாதே. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மேல் அப்பாயின்ட்மென்ட் வாங்கி வை. மாப்பிள்ளை லீவு போட வேண்டாம். மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் உனக்கு மங்கலாக இருக்கும், எனக்கோ ஒரு கண்தான். இரண்டு பேருமாக ஒரு ஆட்டோவைக் கண்டுபிடித்துவிட மாட்டோமா? குட்டியிடம் அப்புச்சி வருகிறார் என்று சொல்.

கச்சாயத்தை இரண்டு நாளுக்குள் தின்றுவிடுங்கள். எண்ணெய் டின் மூடி இறுக்கமாக இருக்கும், நீ கத்தியை வைத்து நெம்பாதே, மாப்பிள்ளையைத் திறக்கச் சொல்.

இப்படிக்கு,
அப்பா